மதிய ரீஸ்டார்ட்

மனுகாவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்தது சர்வர்தான். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களை அனுப்பும் சின்ன நிறுவனம் அது. யார் எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும், அங்கே என்ன மருந்து கொடுக்க வேண்டும், வாசலில் சாவி வைத்திருக்கும் பெட்டியைத் திறக்க எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் ஒரு ஜாவா சர்வரில் இருந்தன. பராமரிப்பாளர்கள் போனில் ஓர் ஆப்பைத் திறந்து அதைப் பார்ப்பார்கள். அந்த ஆப்பையும் சர்வரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்பு என்னோடு இன்னொருவரும் இருந்தார். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போன பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை.

சர்வருக்கு ஒரு வியாதி இருந்தது. இரவில் அது தானாகவே ஒரு முறை நின்று மறுபடி தொடங்கும்படி செய்திருந்தோம். அதனால் காலையில் சுறுசுறுப்பாக இருக்கும். பராமரிப்பாளர்கள் வேலையைத் தொடங்கியதும் அதன் மெமரி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். மதியம் நெருங்கும்போது முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். அப்படியே விட்டால் முதலில் மெதுவாகும், பிறகு பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிடும். அது நிற்பதற்கு முன் நாமே நிறுத்தி மறுபடி தொடங்கிவிட வேண்டும். இதைத் தானாக நடக்கும்படி விட முடியாது. நடுவில் யாராவது மருந்து விவரத்தைப் பதிந்துகொண்டிருந்தால் அது போய்விடும். ஒருவர் உட்கார்ந்து, ஓர் இடைவெளி பார்த்து, கையால் செய்ய வேண்டும். அந்த ஒருவர் நான்.

இடைவெளியைச் சொல்பவர் அக்கா. பராமரிப்பாளர்களோடு போனில் பேசும் பிரிவை அவர்தான் நடத்தினார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், இலங்கைத் தமிழர். பதினொன்றரை வாக்கில் அவர் தன் மேசையிலிருந்து எழுந்து நின்று என் பக்கம் பார்ப்பார்.

"என்ன மாதிரி, தங்கச்சி? நிப்பாட்டுவமோ?"

"இன்னும் கொஞ்சம் தாங்கும்க்கா. உங்க பக்கம் எப்படி?"

"இப்ப நல்ல நேரம். எல்லாரும் காருக்குள்ள இருக்கினம். கெதியாச் செய்யுங்கோ."

நான் நிறுத்துவேன். அலுவலகம் முழுக்கத் திரைகள் வெளுக்கும். எல்லோரும் எழுந்து சாப்பாட்டு டப்பாவோடு சமையலறைக்குப் போவார்கள். அக்காவும் நானும் மட்டும் இருக்கையிலேயே இருப்போம். அவருக்கு அழைப்புகள் வரும். எனக்கு சர்வர் எழுந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதியவர்களுக்குச் சனி ஞாயிறு கிடையாது. அதனால் எனக்கும் கிடையாது. லேப்டாப் பையைத் தூக்காமல் நான் எங்கும் போனதில்லை. தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்த கையோடு பட்டுப்புடவையோடு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி, போனின் இணையத்தில் லேப்டாப்பை இணைத்து சர்வரை நிறுத்தியிருக்கிறேன். அதற்குள் உள்ளே பந்தி முடிந்துவிட்டது. என் கணவர் கோபக்காரர் அல்ல. பக்கத்தில் வைரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் பார்க்கிறார். அவருடைய வேலை, ஷிஃப்ட் முடிந்தால் முடிந்தது.

"ஒரு வாரமாச்சும் அவங்களே பாத்துக்க மாட்டாங்களா?" என்று ஒரு முறை கேட்டார்.

"யாரு பாப்பாங்க? நான்தானே 'அவங்க'."

பிறகு அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கள் மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை. மெமரி போதவில்லை என்றால் கூடுதல் மெமரி வாங்கிவிடலாம் என்பது அவருடைய வழி. வாங்கினோம். சில வாரங்கள் சர்வர் ஒரு நாள் முழுக்கத் தாங்கியது. நானும் கல்யாணம், கோயில் என்று நிம்மதியாகப் போய் வந்தேன். அதற்குள் நிறுவனம் வளர்ந்தது. கிழக்குப் பக்கம் பாட்டனி டவுன்ஸ் வரை வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். பராமரிப்பாளர்களின் எண்ணிக்கையும் கூடியது. பழையபடி மதியத்துக்குள் மெமரி நிரம்பத் தொடங்கியது. இப்போது பாத்திரம் பெரிதாகிவிட்டதால், திணறும்போது முன்பைவிட நீண்ட நேரம் திணறியது.

விஷயத்தை இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் எழுதிய நிரலில், பயன்படுத்தி முடித்தவற்றை நாம் தேடித் தேடி அழிக்க வேண்டியதில்லை. எதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லையோ அதைக் குப்பை என்று கண்டுபிடித்து அதுவே கூட்டித் தள்ளிவிடும். ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால் அதைத் தொடாது, தேவைப்படும்போலிருக்கிறது என்று விட்டுவிடும். மெமரி கசிகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வேலை முடிந்துபோன ஏதோ ஒன்றை எங்கோ ஏதோ ஒன்று இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறது. எது எதைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, சர்வர் நிறைந்து நிற்கும் நேரத்தில் அதன் மெமரி முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாக எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது சர்வர் அசையாமல் நிற்கும்.

மேனேஜரிடம் அனுமதி வாங்கினேன். சோதனை சர்வரில் எடுத்துப் பார்த்தபோது மளமளவென்று முடிந்திருந்தது.

"எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு நிமிஷம்கூட ஆகாதுக்கா. அதுக்கப்புறம் எப்பவும்போல ரீஸ்டார்ட்."

அன்று காலையிலிருந்தே மழை. பதினொன்றரைக்கு அக்கா தலையசைத்தார், நான் கட்டளையை அழுத்தினேன். சர்வர் நின்றது. ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் போனது. கோப்பு மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே இருந்தது. உண்மையான சர்வரின் மெமரி சோதனை சர்வரைப்போலப் பல மடங்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் டிஸ்கில் எழுதும் வேகம் அவ்வளவு மோசமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் நிறுத்தினால் பாதிக் கோப்பு எதற்கும் உதவாது. அக்காவின் மேசையில் எல்லா போன்களும் அடிக்கத் தொடங்கின.

"தங்கச்சி, பாட்டனியில ஒரு அம்மா வாசல்ல நிக்கிறா. சாவிப் பெட்டி நம்பர் கேக்கிறா. எனக்கும் ஒண்டும் தெரியேல்ல, ஸ்க்ரீன் அப்பிடியே நிக்குது."

"இதோ முடிஞ்சிடும்க்கா."

"மழையில நிக்கிறா. உள்ளுக்க ஐயா ஒருத்தர் ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதைத் தவிர அப்போது செய்ய எதுவும் இல்லை. மேனேஜர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு கேட்டது. கடைசியில் கோப்பு முடிந்தது. சர்வரைத் தொடங்கி, அது எழுந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணை எடுத்து அக்காவிடம் சத்தமாக வாசித்தேன். அக்கா அதை போனில் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் என்ன சொன்னாரோ, அக்கா சிரிக்காமல், "ஓம், ஓம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

அந்த ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ற நினைப்பு மட்டும் எனக்குப் போகவில்லை.

கோப்பு என் லேப்டாப்பில் திறக்கவில்லை. அவ்வளவு பெரியது. பெரிய கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் திறந்தேன். எந்தப் பொருள் எவ்வளவு மெமரியைத் தன் பிடியில் வைத்திருக்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. முதலிடத்தில் நின்றதைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். எங்கள் ஆப்பில் ஒரு சின்ன வசதி உண்டு. ஒரு வீட்டுக்குப் போகும் நேரம் மாறினால் அந்தப் பராமரிப்பாளரின் போனில் உடனே தெரியும். அதற்காக ஒவ்வொருவரும் லாக் இன் செய்யும்போது, "மாற்றம் வந்தால் எனக்குச் சொல்" என்று சர்வர் அவரைப் பதிந்துகொள்ளும். அந்தப் பதிவுகள்தான் மெமரியின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தன. ஒவ்வொரு பதிவின் பின்னாலும் அந்த லாக் இன்னில் அவர் பார்த்த எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தன, வீட்டு விவரங்கள், மருந்துகள், காலில் உள்ள புண்ணை எடுத்த புகைப்படங்கள் உட்பட. ஒரே ஆள் திரும்பத் திரும்ப இருந்தார். பாட்டனியில் மழையில் நின்ற அந்த அம்மாவே, அன்று காலையில் மட்டும், ஒரு பட்டாளம்போல இருந்தார்.

சரி, இவர்களை யார் நீக்க வேண்டும் என்று நிரலைப் படித்தேன். லாக் அவுட் செய்தால் பதிவு நீங்கும். அது சரியாக எழுதப்பட்டிருந்தது. லாக் அவுட் செய்யாமல் போய்விட்டால், கொஞ்ச நேரத்தில் அந்த லாக் இன் தானே காலாவதியாகும், அப்போது ஓடுவதற்கு நிரலில் ஒரு தனிப் பகுதி, வகுப்பு என்போம். அதிலும் பதிவை நீக்கும் வரி தெளிவாக இருந்தது. இரண்டையும் பலமுறை படித்தேன். இரண்டும் சரி. அப்படியானால் பதிவுகள் ஏன் இருக்கின்றன?

சோதனை சர்வரில் நூற்றுக்கணக்கான போலிப் பராமரிப்பாளர்களை உருவாக்கி விட்டேன். லாக் இன் செய்தார்கள், வீடுகளைப் பார்த்தார்கள், படங்களை ஏற்றினார்கள், லாக் அவுட் செய்தார்கள். மெமரி ஏறியது, இறங்கியது. நாள் முழுக்க ஓடவிட்டேன். மழை பெய்து ஓய்ந்த முற்றம்போலச் சுத்தமாக இருந்தது.

"டெஸ்ட்ல ஒண்ணுமே இல்லை" என்று மேனேஜரிடம் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர், சரி, அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் மெமரி வாங்கலாமா என்று மென்மையாகக் கேட்டார்.

அந்த வாரம் அக்கா என் மேசைக்கு வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, நீங்கள் ஒருக்கா அவையளோட போய்ப் பார்த்தனீங்களோ? வீடுகளுக்கு?"

"இல்லைக்கா."

"நான் முந்தி அந்த வேலைதான் செய்தனான். ஒரு நாள் போய்ப் பாருங்கோவன். அண்டைக்கு மழையில நிண்டவா, அவாவோட போகலாம். நான் கதைச்சிட்டன். அவா ஓம் எண்டிட்டா."

அதில் எனக்கு இஷ்டமில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பதுதான் காரணம். அதை அக்காவிடம் சொல்ல முடியவில்லை. மேனேஜர் உடனே சம்மதித்துவிட்டார். அன்றைய மதிய ரீஸ்டார்ட்டை அவரே செய்வதாகச் சொல்லி, எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்டுப் பழகிக்கொண்டார்.

காலையில் பாட்டனி டவுன்ஸ் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் அவர் என்னை ஏற்றிக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய மலேசியத் தமிழர், கிள்ளானிலிருந்து வந்தவர். குட்டையான உருவம், கையில்லாத மழைச்சட்டை, தலையில் குளிர்க் கண்ணாடி.

"வா மா, ஏறு. பசியாறியாச்சா? காடி கொஞ்சம் குப்பையா இருக்கும், பாத்துக்காத." பின் இருக்கையில் கையுறைப் பெட்டிகளும் ஒரு மடக்குக் குடையும் கிடந்தன.

ஏறியதும் நான் சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னிக்கு மழைல நீங்க நின்னதுக்கு நான்தான் காரணம். மன்னிச்சிடுங்க."

"நீதானா அது?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல மழை லா. செருப்பெல்லாம் தண்ணி." பிறகு கியரை மாற்றினார். "பரவால்ல மா. கம்ப்யூட்டர்னா அப்படித்தானே."

முதல் வீடு அதே ஐயாவின் வீடு. நான் வாசலிலேயே நிற்கிறேன் என்றேன், அவர் உள்ளிருந்து வரச் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெரியவர். நான் யார் என்று அம்மா சொன்னதும், சர்வரை அணைத்தது நீதானா என்று என்னைக் கேட்டார். ஆமாம், அன்று உங்களுக்கு ஊசியும் சாப்பாடும் தாமதமாகிவிட்டது, வருந்துகிறேன் என்றேன். எந்த அன்று என்று கேட்டார். அம்மா விளக்கினார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க கிரிக்கெட் பார்த்தபடி தூங்கிப்போய்விட்டேன், யாரும் தாமதமாக வந்ததே தெரியாது என்றார். அத்தனை நாளும் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த இடத்திலேயே பாதி இறங்கியது. வேறு யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அம்மா வேலை செய்வதை ஒரு மூலையில் நின்று பார்த்தேன். கை கழுவினார், ஊசி போட்டார், காலிலுள்ள கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைத்தார், போனில் படம் எடுத்தார், புதுக் கட்டுப் போட்டார், சான்ட்விச்சை வெட்டித் தட்டில் வைத்தார். இடையிடையே அவரோடு பேசிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்ததும் போனில் இரண்டு மூன்று தட்டுத் தட்டினார். பிறகு ஆப்பை விரலால் மேலே தள்ளி மூடிவிட்டு போனைப் பைக்குள் போட்டார்.

அடுத்த வீட்டு வாசலில் மறுபடி ஆப்பைத் திறந்தார், தன் ரகசிய எண்ணை அழுத்தி லாக் இன் செய்தார், சாவிப் பெட்டியைத் திறந்தார். முடிந்ததும் மேலே தள்ளினார், பைக்குள் போட்டார். மூன்றாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டிலிருந்து காருக்கு நடக்கும்போது நான் கேட்டேன்.

"அம்மா, நீங்க லாக் அவுட் பண்ண மாட்டீங்களா?"

"என்னா அவுட்?"

"லாக் அவுட். ஆப்ல இருந்து வெளிய வர்றது."

"இதோ வந்துட்டேனே." விரலால் மேலே தள்ளிக் காட்டினார். "வேற எங்க இருக்கு அது?"

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. பட்டியலுக்குள் பட்டியல், அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில். வைத்தது யார் என்று தெரியவில்லை. அதுவரை நானும் அதைத் தேடியதே இல்லை. என் போலிப் பராமரிப்பாளர்கள் அத்தனை பேரும் நல்ல பிள்ளைகளாக அந்தச் சாம்பல் பொத்தானை ஒவ்வொரு வீட்டிலும் அழுத்தியிருந்தார்கள். உண்மையில் அதை ஒருவரும் அழுத்தியதில்லை. அப்படியானால் எல்லா லாக் இன்களும் காலாவதியாகித்தான் முடிந்திருக்க வேண்டும். காலாவதியாகும்போது ஓட வேண்டிய வகுப்பை நான் படித்தேனே தவிர, அது ஓடுகிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

காருக்குள் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

"என்னா மா? நான் ஏதும் தப்பாச் செஞ்சிட்டனா?"

"இல்லம்மா. ஒரு தப்பும் இல்ல. எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. நான்தான் யோசிக்கல."

"அப்ப சரி." அவர் வண்டியை எடுத்தார். "சீட் பெல்ட் போடு."

மிச்சமிருந்த வீடுகளுக்கும் அவரோடு போனேன். பாதியில் இறங்கிவிட மனம் வரவில்லை. ஆனால் கடைசி வீட்டில் என்ன நடந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் சோதனை சர்வரில் போலிப் பராமரிப்பாளர்களை மறுபடி ஓடவிட்டேன், லாக் அவுட் இல்லாமல். காலாவதி நேரத்தை மிகவும் குறைத்து வைத்தேன். அவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். லாக் இன்கள் காலாவதியாயின. பதிவுகள் ஒன்றுகூட நீங்கவில்லை. மெமரி ஏறிக்கொண்டே போனது, உண்மையான சர்வர்போலவே. ஒரு நோயை நம் கையாலேயே வரவழைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது, சந்தோஷத்தில்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதன் பிறகு அரை மணிகூட ஆகவில்லை. அந்த வகுப்பு இருந்தது, ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. தொடங்கும்போது சர்வர் படிக்கும் அமைப்புக் கோப்பில் அதன் பெயரை ஒரு வரியில் எழுத வேண்டும். நான் சேருவதற்கு முன் எப்போதோ சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள், அந்தக் கோப்பைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். அப்போது அந்த வரி விட்டுப்போயிருக்கிறது. விட்டது யார் என்று மேனேஜர் கேட்கவில்லை. நானும் தேடவில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"ஒரு வரியோ?"

"ஆமாக்கா. ஒரே வரி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு வரிக்கே நான் இவ்வளவு காலம் எல்லாரிட்டயும் பேச்சு வாங்கினனான்?" என்றார். பிறகு இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "உண்மையா இதுதானோ? திரும்ப வராதோ?" என்று கேட்டார்.

"நாளைக்கு மதியம் தெரியும்க்கா."

இரவு தானாக நடக்கும் ரீஸ்டார்ட்டோடு புது வரியும் போய்ச் சேரும்படி வைத்தேன். காலையில் வழக்கம்போல மெமரி ஏறத் தொடங்கியது. அதைக் காட்டும் கோடு ரம்பத்தின் பல்போல மேலும் கீழுமாகத்தான் எப்போதும் போகும். முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லின் அடியும் முந்தைய பல்லைவிட உயரத்தில் நிற்கும். அன்று பார்த்தேன். முதல் தடவை இறங்கியது. அடுத்த தடவை அதே இடத்துக்கு இறங்கியது. நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்து பார்த்தேன். அதே இடம்.

பதினொன்றரைக்கு அக்கா எழுந்து நின்றார். பழக்கத்தில் மற்றவர்களும் நாற்காலியைப் பின்னால் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார்.

"என்ன மாதிரி, தங்கச்சி? நிப்பாட்டுவமோ?"

திரையைப் பார்த்தேன். மெமரி காலையில் இருந்த அளவிலேயே இருந்தது. இருந்தாலும் கை ரீஸ்டார்ட் பொத்தான் பக்கம் போனது. நிறுத்திவிட்டால் இன்றைக்கு நிச்சயம் ஒன்றும் ஆகாது. நிறுத்தாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? மறுபடி யாராவது வாசலில் நிற்பார்கள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வேணாம்க்கா."

"வேண்டாமோ?"

"வேணாம். ஓடட்டும்."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார். மேனேஜரும் போகவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்த ஒருவர், இப்போது சாப்பிடலாமா கூடாதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர், பசித்தால் சாப்பிடுங்கள் என்றார். யாருக்கும் எப்போது சாப்பிடுவதென்று தெரியவில்லை. சிலர் உடனே போனார்கள், சிலர் ஒரு மணி வரை வேலை பார்த்தார்கள். பிற்பகலில் கோட்டைப் பார்ப்பதை நானே நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை காலையிலும் ஞாயிறு காலையிலும் வீட்டிலிருந்தபடி ஒரு முறை பார்த்துக்கொண்டேன். கோடு அதே இடத்தில் இறங்கி எழுந்துகொண்டிருந்தது. ஞாயிறு பிற்பகல் சோபாவில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது யாரோ போர்த்திவிட்டிருந்தார்கள். எட்டு வயது மகளும் கணவரும் சமையலறையில் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அம்மா தூங்குறா, சத்தம் போடாத," என்றார் அவர். "ஷி நெவர் ஸ்லீப்ஸ்," என்றாள் மகள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டேன்.

திங்கட்கிழமை மதியம் அக்கா என் மேசைக்கு வந்தார். கையில் பை இருந்தது.

"வாங்கோ, வெளியில போய்ச் சாப்பிடுவம்."

பக்கத்து ஷாப்பிங் மாலின் உணவுக்கூடத்தில் ஒரு மேசையைப் பிடித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். நூடுல்ஸ் வந்தது. சாப்பிடத் தொடங்கினோம். சர்வர் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார், நன்றாக இருக்கிறது என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. இவ்வளவு காலம் நாள் தவறாமல் பேசியிருக்கிறோம், எல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் அதே நினைப்புதான் போல, என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு நூடுல்ஸைக் கிளறினார்.

"அக்கா, சனி ஞாயிறுல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"இப்ப நீச்சல் பழகிறன்."

"நீச்சலா?"

"ஓம். சிரிக்காதேங்கோ. மன்னார்ல கடலுக்குப் பக்கத்திலதான் பிறந்தனான். தண்ணிக்க இறங்க ஒருத்தரும் விடேல்ல. இங்க வந்து வேலை, பிள்ளையள், வேலை. போன மாசம்தான் போய்ச் சேர்ந்தனான். எல்லாம் சின்னப் பிள்ளையள், நான்தான் கிழவி."

"பயமா இல்லையா?"

"தலையைத் தண்ணிக்க வைக்கேக்க பயம்தான். மூச்சை விடோணும், அதுதான் எனக்கு வருகுதில்ல. கையடிக்கிறது நல்லா வரும். இஞ்ச பாருங்கோ."

முள்கரண்டியைக் கீழே வைக்க மறந்து, அத்தனை பேர் நடுவில், ஒரு கையை மேலே தூக்கி முன்னால் நீட்டி இழுத்துக் காட்டினார். ஒரு நூடுல்ஸ் இழை பறந்து பக்கத்து மேசையில் விழுந்தது.